காருகுறிச்சியார் நாயனமும் ரீமாஸ்டர் சி.டி.க்களும்

ராக் இசை கேக்குற ஆளுங்களுக்குள்ள முடியாத சண்டை ஒண்ணு உண்டு. ஒரே ஆல்பம், நாலு சி.டி. வெளியீடு. இதுல எது நல்லா இருக்கு? 1987-ல வந்த பீட்டில்ஸ் சி.டி.யா, 2009 செப்டம்பர் 9-ல வந்த ரீமாஸ்டரா? அதுலயும் ஸ்டீரியோவா, மோனோவா? "ஹெல்ப்", "ரப்பர் சோல்" ரெண்டையும் 1987 சி.டி.க்காக ஜார்ஜ் மார்ட்டின் திரும்ப மிக்ஸ் பண்ணினார். 1965-ல ஸ்டீரியோ இசைத்தட்டு வாங்கினவங்க கேட்டது வேற மிக்ஸ், நாம சி.டி.யில கேக்குறது வேற மிக்ஸ். இதுக்கே பக்கம் பக்கமா எழுதுவாங்க.

ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு வாரம் இதையெல்லாம் படிச்சுட்டு இருந்தப்ப ஒரு கேள்வி வந்துச்சு. நம்ம ஊர் இசைக்கு இப்படி யாராவது உக்காந்து ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்களா? தாமிரபரணிக் கரையில பிறந்து உலகமே கேட்ட ஒரு சத்தம் இருக்கே, அது சி.டி.க்கு வந்து சேர்ந்தப்ப முழுசா வந்துச்சா? அதைத்தான் இந்தப் பதிவுல பாக்கப் போறோம். கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க :-)

அந்தச் சத்தம் யாருடையது

திருநெல்வேலியில இருந்து தென்காசி ரயில்ல போனா சேரன்மகாதேவி தாண்டின உடனே காருகுறிச்சி. மண்பானைக்குப் பேர் போன ஊர். 1921-ல அங்க பிறந்தவர்தான் நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம். திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையோட சீடர். பிற்காலத்துல கோவில்பட்டியில குடியிருந்தார், இன்னைக்கும் அங்க அவருக்குச் சிலை உண்டு. 1964-ல ரொம்பச் சின்ன வயசுலயே காலமாகிட்டார்.

கச்சேரி கேட்டுப் பழகாத ஆளுக்கும் அவரைத் தெரியும். காரணம் 1962-ல வந்த "கொஞ்சும் சலங்கை". "சிங்கார வேலனே தேவா" பாட்டுல எஸ்.ஜானகி குரலோட போட்டி போட்டு வர்ற நாயனம் இவரோடதுதான். ராகம் ஆபேரி, பாட்டு எழுதினவர் கு.மா.பாலசுப்பிரமணியம், இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. நாயுடுவும் நம்ம பக்கத்து ஆளுதான், கடையநல்லூர்.

அவர் வாசிச்சதை நேர்ல கேட்டவங்க எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருது. இனிமே நமக்கு மிச்சம் இருக்கிறது தட்டும் நாடாவும்தான். பீட்டில்ஸ் ரீமாஸ்டர் சரியில்லைன்னா இன்னொண்ணு வரும், கம்பெனிக்கு அதுல காசு இருக்கு. காருகுறிச்சியாருக்கு அப்படி வரிசையா வரப்போறது இல்ல. வர்ற ஒண்ணு கெட்டுப்போனா, அடுத்த தலைமுறைக்கு அதுதான் காருகுறிச்சியார்.

அரக்குத் தட்டு

முதல்ல 78 சுழற்சித் தட்டு. பத்து அங்குலத் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், மிஞ்சிப் போனா மூணரை. ஒரு தோடி ஆலாபனையை விடிய விடிய வாசிக்கிற ஆளுங்க, தட்டுக்காகச் சுருக்கி வாசிச்சாங்க. அந்தத் தட்டுக்கு மூலப்பொருள் அரக்கு. நம்ம நாட்டு மரங்கள்ல அரக்குப் பூச்சி விடுற பிசின்தான் உலகம் முழுக்கத் தட்டாகிச் சுத்துச்சு.

ராக் ரசிகர்களுக்கு ஒரு தகவல். மத்த நாடுகள்ல 78 தட்டு வழக்கொழிஞ்ச பிறகும், கல்கத்தா பக்கம் டம்டம்ல இருந்த கிராமபோன் கம்பெனி தொழிற்சாலையில 1960-களின் நடுவுல பீட்டில்ஸ் பாட்டையே 78 தட்டா அடிச்சாங்க. கரண்ட் இல்லாத ஊர்கள்ல சாவி கொடுக்கிற பெட்டிதானே இருந்துச்சு! அந்தத் தட்டுகளுக்கு இன்னைக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அடிச்சுக்கிறாங்க.

ஆக லிவர்பூல் பசங்களும் நம்ம நாயனமும் ஒரே வகைத் தட்டுல சுத்தினவங்கதான். அப்புறம் எல்.பி. வந்துச்சு, இலங்கை வானொலி வீட்டுக்கு வீடு பாடுச்சு, 1980-கள்ல கேசட் வந்துச்சு. வளைகுடா போய்ட்டு வந்தவங்க கொண்டுவந்த டேப் ரெக்கார்டர், தாள்ல பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தா பதிஞ்சு தர்ற ரெக்கார்டிங் சென்டர், இதெல்லாம் ஞாபகம் இருக்கிறவங்க கொசுவத்தி சுத்திக்கலாம். கடைசியா சி.டி.

சி.டி. மேல தப்பு இல்ல

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1982-ல சி.டி.யைக் கொண்டுவந்தாங்க. ஒரு நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 படியில ஒரு படியா எழுதுறது. மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவுல 96 டெசிபல் இடம் இருக்கு. 78 தட்டுல 40 டெசிபல் கிடைச்சாலே பெரிசு. குளத்துத் தண்ணியைத் தாமிரபரணிக்குள்ள ஊத்துற கதை, தாராளமாக் கொள்ளும்.

அப்புறம் எப்படிக் கெடுது? மொள்ளுற கையில கெடுது. நான் பார்த்த வரைக்கும் நாலு இடம்.

ஒண்ணு, வேகம். 78-ன்னு சொன்னாலும் எல்லா நாட்டுலயும் சரியா 78 கிடையாது. அமெரிக்காவுல 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 78.26, நம்மளை மாதிரி 50 ஹெர்ட்ஸ் நாட்டுல 77.92. இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. ஆனா தட்டை 80-ல ஓட்டிப் பதிஞ்சா ரெண்டரை சதவீதம் ஏறிடும். ஒரு சுரஸ்தானத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளியே ஆறு சதவீதம்தான். ஆக கிட்டத்தட்ட அரை ஸ்தானம் ஏறிப்போச்சு. நாயனம் கீச்சுன்னு ஆகும், ஜானகியம்மா குரல் சின்னப்புள்ளைக் குரலாகும், கமகமும் அவசரப்படும். கேசட் நகல் வழியா வந்த சி.டி.க்கும் இதே கதி உண்டு, பதிஞ்ச மெஷினும் ஓட்டின மெஷினும் ஒரே வேகத்துல ஓடணுமே.

ரெண்டு, ஊசியும் ஈக்வலைசேஷனும். 78 தட்டோட பள்ளம் அகலம், அதுக்கு ஒரு அங்குலத்துல ஆயிரத்துல மூணு பங்கு ஊசி வேணும். எல்.பி. ஊசி அதுல மூணுல ஒரு பங்குதான். எல்.பி. ஊசியால 78-ஐ ஓட்டினா அது பள்ளத்தோட அடியில போய் அங்க இருக்கிற அழுக்கை வாசிக்கும் :-) அதோட, தட்டு வெட்டுறப்ப அடி ஒலியைக் குறைச்சு மேல் ஒலியைக் கூட்டி வெட்டுவாங்க, ஓட்டுறப்ப திருப்பிச் சரி பண்ணணும். 1954-ல ஆர்.ஐ.ஏ.ஏ. அளவுகோல் வர்ற வரைக்கும் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கணக்கு. தப்பான கணக்குல ஓட்டினா தவிலோட தொப்பிப் பக்கம் காணாமப் போகும், இல்லைன்னா பானைக்குள்ள அடிச்ச மாதிரி கும்னு இருக்கும்.

மூணு, இரைச்சல் நீக்கம். இதுதான் நாகஸ்வரத்துக்கு எமன். சீவாளி ஒரு இரட்டை நாக்கு. அது அதிர்றப்ப அடிப்படைச் சுரத்தோட மேல் இசையம் எல்லாம் வரிசையா, பலமா வரும். கூடவே மூச்சோட உரசல். கம்ப்யூட்டருக்கு அந்த உரசலும் தட்டோட உஸ்ஸும் ஒண்ணுதான். "சுத்தம் பண்ணு"ன்னு பட்டனை அழுத்தினா ரெண்டையும் சேர்த்துத் துடைச்சிடும். மிச்சம் வர்றது கீபோர்டுல வாசிச்ச நாயனம் மாதிரி இருக்கும். சுரம் எல்லாம் சரியா இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

நாலு, சத்தப் போர். 1990-கள்ல இருந்து எல்லாக் கம்பெனியும் தன் சி.டி.தான் சத்தமா இருக்கணும்னு ஏத்த ஆரம்பிச்சாங்க. ஏத்துறதுக்கு உச்சியை வெட்டணும். 2008-ல மெட்டாலிகாவோட "டெத் மேக்னடிக்" சி.டி. இதுக்குப் பேர் போனது. அதே பாட்டு கிட்டார் ஹீரோ வீடியோ கேம்ல வெட்டுப்படாம நல்லா இருந்துச்சுன்னு ரசிகர்களே கண்டுபிடிச்சுக் கையெழுத்து வேட்டை நடத்தினாங்க. நாகஸ்வரத்தை எடுத்துக்கோங்க. அது எப்படியும் சத்தமான வாத்தியம்தானே, நசுக்கினா என்னன்னு தோணும். ஆனா தேர் வீதியில ஒரு முனையில இருந்து கேட்டவனுக்குத் தெரியும், தூரத்துல பிசிறா ஆரம்பிச்சு பக்கத்துல வந்து நெஞ்சைத் தட்டுறதுதான் அதோட அழகு. தவில் சொல்லோட முதல் வீச்சு மில்லி செகண்டுகள்ல உச்சிக்குப் போய் இறங்கும். லிமிட்டர் முதல்ல வெட்டுறது அதைத்தான்.

இது போதாதுன்னு போலி ஸ்டீரியோ வேற. மோனோ பாட்டை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் அடி ஒலி, மறுபக்கம் மேல் ஒலின்னு கொடுத்து எக்கோ தெளிக்கிறது. 1960-கள்ல அமெரிக்காவுல கேபிடல் கம்பெனி "டூவோஃபோனிக்"னு பேர் வச்சு இதைச் செஞ்சாங்க. பீட்டில்ஸுக்கு 2009-ல தனியா ஒரு மோனோ பெட்டியே வந்து வித்துச்சு. நம்ம ஊர்ல மோனோன்னா இன்னும் மட்டம்.

என்கிட்ட இருந்த மூணு பிரதி

"சிங்கார வேலனே" மூணு விதமாக் கிடைச்சுது. கம்பெனிப் பேர் வேண்டாம், வம்பு. ஒண்ணு பழைய சி.டி. தொகுப்பு. ரெண்டாவது, அட்டையில "டிஜிட்டல் ரீமாஸ்டர்"னு பளபளன்னு போட்ட தொகுப்பு. மூணாவது, ஒரு சேகரிப்பாளர் தட்டுல இருந்து நேரா எடுத்துக் கொடுத்தது.

முதல்ல மூணையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்தேன். இது ரொம்ப முக்கியம் மக்களே. ஒரு டெசிபல் கூட இருந்தாலே நம்ம காது அதைத்தான் நல்லதுன்னு சொல்லும். ஆடாசிட்டி இலவசம், அதுலயே செய்யலாம்.

ரீமாஸ்டர் பிரதி முதல் பத்து நொடிக்கு அசத்துச்சு. உஸ்ஸும் இல்ல, கரகரப்பும் இல்ல. ஆனா அலைவடிவத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தா தவில் அடி எல்லாம் மொட்டை மாடி மாதிரி தட்டையா இருக்கு. நாயனம் நிறுத்தி மூச்சு வாங்குற இடத்துல சத்தம் கத்தரிச்ச மாதிரி அறுந்துபோகுது. பழைய சி.டி.யில உஸ் நிறைய, சத்தமும் கம்மி, ஆனா உச்சி வெட்டுப்படல. அதோட சிக்கல் சுருதி, மத்த ரெண்டை விட எட்டி நிக்குது. தட்டுப் பிரதியில கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. ஆனா சீவாளி உதட்டுல பட்டு நாதம் பிடிக்கிற அந்தக் கணம் அதுல மட்டும்தான் கேக்குது.

எது சரியான வேகம்னு கண்டுபிடிக்க இஞ்சினியர் வேலை ஒண்ணு இருக்கு. பழைய ஒலிப்பதிவுல சில சமயம் மின்சார ரீங்காரம் லேசா ஒட்டிக்கிட்டு வரும். நம்ம நாட்டுல அது 50 ஹெர்ட்ஸ். நகல்ல அது 51.3-ல தெரிஞ்சா, வேகம் ரெண்டரை சதவீதம் கூடன்னு அர்த்தம். (சரியா 50-ல தெரிஞ்சா மட்டும் நம்பிடாதீங்க, அது நகல் எடுத்த மெஷினோட ரீங்காரமாவும் இருக்கலாம்.) மூலப் பதிவு நடந்த அன்னைக்கு ஓடின கரண்ட், இத்தனை வருஷம் கழிச்சு நமக்குச் சாட்சி சொல்லுது!

என் தீர்ப்பு: தட்டுப் பிரதிக்கு முதல் இடம், பழைய சி.டி.க்கு ரெண்டாவது. கரகரப்பை மனசு பத்து நிமிஷத்துல வடிகட்டிடும். இல்லாமப் போனதை மனசால திரும்ப வைக்க முடியாது.

பரண்ல ஏறிப் பாருங்க

மூலமே பத்திரமா இருந்தா என்னைக்காவது நல்லா எடுத்துக்கலாம்னு நினைக்கிறதும் ஆபத்து. 2008-ல ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோ தீ விபத்துல எக்கச்சக்கமான மாஸ்டர் நாடாக்கள் போச்சு. எவ்வளவு பெரிய இழப்புன்னு 2019-ல நியூயார்க் டைம்ஸ் எழுதின பிறகுதான் வெளியில தெரிஞ்சுது. அவ்வளவு காசு இருக்கிற இடத்துலயே அப்படி. நம்ம பக்கம் "யங் இந்தியா" தட்டுகளை இந்தியச் சேகரிப்பாளர்களே முன்னின்று, பிரிட்டிஷ் நூலகத்தோட அருகிவரும் ஆவணத் திட்டம் வழியா எண்மப்படுத்தினாங்க. வீட்டு வீட்டுக்குக் கிடந்த தட்டுகளைச் சேர்த்துத்தான் அதுவும் நடந்துச்சு.

அதனால நெல்லை, அம்பை, கல்லிடை, வீரவநல்லூர் பக்கத்து அண்ணாச்சிமாருக்கு ஒரு கோரிக்கை. தாத்தா காலத்துத் தட்டு பரண்ல இருந்தா பழைய இரும்புக்காரருக்குப் போட்டுடாதீங்க. படுக்க வச்சு அடுக்காம நிமித்தி வைங்க. ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீங்க, அரக்கு ஆல்கஹால்ல கரையும். லேபிளையும் உள்வட்டத்துல கீறியிருக்கிற எண்ணையும் போட்டோ எடுத்து வைங்க. எண்மப்படுத்தினா சரியான ஊசி, சரியான வேகம், 24 பிட்டுல ஒரு கச்சாப் பிரதி. சுத்தம் பண்றது எல்லாம் அதோட நகல்ல மட்டும்.

இன்னைக்கு நாகஸ்வரம் கத்துக்கிற பையன் ஒருத்தன் காருகுறிச்சியாரை போன்ல கேட்டுத்தான் சாதகம் பண்றான். அவன் காதுல விழுறது அவரோட மூச்சா, யாரோ துடைச்சு வச்ச மிச்சமாங்கிறது நம்ம பரண்ல இருக்கிற தட்டைப் பொறுத்தது.

பி.கு.: உங்க வீட்டுத் தட்டுல காருகுறிச்சியார் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. சரியான ஊசியோட நானே ஊருக்கு வர்றேன், ஒரு காப்பி மட்டும் கொடுத்தாப் போதும்!