சார்லஸ் லாம்ப்: ஒரு குமாஸ்தாவின் வாசிப்பு

சார்லஸ் லாம்பை எனக்குக் கெடுத்தது பி.ஏ. வகுப்பு. பரீட்சையில் நாலு பக்கம் எழுதத் தோதான, நகைச்சுவையும் கனிவும் கொண்ட சாது மனிதராக அவரை அங்கே அறிமுகப்படுத்தினார்கள். அதற்கு முன்பு, பள்ளியில், ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கதையாக்கியவர். 1807இல் வந்த அந்தப் புத்தகத்தின் 20 கதைகளில் 14ஐ எழுதியவர் அவருடைய அக்கா மேரி என்பதையோ, முகப்பில் அவள் பெயர் போடப்படவில்லை என்பதையோ யாரும் சொல்லவில்லை. வங்கியில் குமாஸ்தாவாகிப் பத்து வருஷம் கழிந்தபின் திரும்பப் படித்தபோது லாம்ப் வேறு ஆளாகத் தெரிந்தார். அவர் என் உத்தியோகத்தைப் பார்த்தவர்.

1792 ஏப்ரலில், 17ஆம் வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமையகத்தில் கணக்குப் பிரிவில் அவர் சேர்ந்தார். 1825 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை 33 வருஷம் அதே கம்பெனி, அதே மேஜை வேலை. தேயிலை, அவுரி, பருத்தித் துணி இவற்றின் கணக்கைப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். முதல் மூன்று வருஷம் சம்பளம் கிடையாது, ஒரு சிறு சன்மானம் மட்டுமே. தம்முடைய உண்மையான நூல்கள் கம்பெனி அலமாரிகளில் பேரேடுகளாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பின்னாளில் கேலி செய்துகொண்டார். அந்தக் கேலியின் கசப்பை வகுப்பறையில் உணர வழியில்லை.

1796 செப்டம்பர் 22 அன்று, தையல் வேலையிலும் வீட்டு நோயாளிகளைப் பராமரிப்பதிலும் ஓய்ந்துபோயிருந்த மேரி, சித்தம் கலங்கிய நிலையில் தாயைக் கத்தியால் குத்திக் கொன்றாள். லாம்புக்கு வயது 21. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவரே ஆறு வாரம் மனநோய் விடுதியில் இருந்து திரும்பியிருந்தார். அக்காவைத் தாம் பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பேற்று, 1834இல் இறக்கும்வரை அதைக் காப்பாற்றினார். நோய் அவளுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. அறிகுறி தெரிந்ததும் இருவரும் அழுதுகொண்டே விடுதிக்கு நடந்துபோவதை நண்பர்கள் பார்த்திருக்கிறார்கள். அவருடைய புத்தக ஆசையை இந்தப் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. அந்த வீட்டில் வாசிப்பு இரண்டு பேரின் அறிவுத் தெளிவுக்கும் காவலாக இருந்தது.

வாங்கியதெல்லாம் பெரும்பாலும் பழைய புத்தகம்தான். போமாண்ட், பிளெட்சர் நாடகங்களின் பெரிய தொகுதி ஒன்றை வாங்கிய கதையைப் பழைய பீங்கானைப் பற்றிய 1823ஆம் வருஷத்துக் கட்டுரையில் சொல்கிறார். வாரக்கணக்கில் யோசித்து, சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கடைக்காரரை எழுப்பி வாங்கியது. விலை 15 அல்லது 16 ஷில்லிங். அதற்காக நைந்துபோன உடுப்பையே இன்னும் சில வாரம் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கழன்ற தாள்களை அக்கா பசை தடவி ஒட்ட, தம்பி விடியும்வரை பொறுக்க முடியாமல் பக்கத்தில் நிற்கிறார். அந்தத் தொகுதியைக் கோல்ரிட்ஜ் இரவல் வாங்கி, ஓரமெல்லாம் குறிப்பு எழுதித் திருப்பித் தந்தார். இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கோல்ரிட்ஜ் கைபட்டுத் திரும்பும் புத்தகம் மதிப்புக் கூடித் திரும்புகிறது என்பது லாம்பின் கட்சி.

இந்த வாசிப்பு அவரைச் சேகரிப்பவராக மட்டும் நிறுத்திவிடவில்லை. 1808இல் எலிசபெத் காலத்து நாடகங்களிலிருந்து பகுதிகளைத் தேர்ந்து, சிறு குறிப்புகளோடு ஒரு தொகுப்பு வெளியிட்டார். வெப்ஸ்டர், போர்டு, மிடில்டன் போன்றோர் வாசகர் பார்வைக்குத் திரும்பியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பல்கலைக்கழகம் போகாத குமாஸ்தா செய்த விமர்சனக் காரியம் அது. 1924இல் டி.எஸ். எலியட் இதே தொகுப்பின்மேல் குற்றம் சொன்னார். நாடகத்தை மேடையிலிருந்து பிய்த்துப் படிப்புக்கான கவிதையாக மாற்றியது லாம்ப்தான் என்பது அவர் வாதம். குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. துண்டு துண்டாகத் தேர்ந்தெடுப்பது ரசிகனின் வழி, நாடகத்தின் வழி அல்ல. அப்போது எலியட்டும் லண்டனில் ஒரு வங்கியில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் 1925இல் வங்கியை விட்டார், லாம்ப் கம்பெனியை விட்டுச் சரியாக நூறு வருஷம் கழித்து.

இங்கே நாம் தாண்டிப்போக முடியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த 16 ஷில்லிங் எங்கிருந்து வந்தது? லாம்ப் கணக்கெழுதிய வருஷங்களில்தான், 1799இல், தஞ்சாவூர் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனது. அதே வருஷம் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் கர்நாடக நவாபின் நாடு முழுவதும் போயிற்று. அவர் கட்டுரைகளில் இந்தியா பெரும்பாலும் சரக்குகளின் பெயராகவே வருகிறது. லாம்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. மேஜையில் அமர்ந்து எண்களை எழுதுகிறவனுக்கு எண்களின் மறுபக்கம் தெரியாமல் போவது எப்படி என்பதை நானும் அறிவேன். கடன் கணக்குகளில் வட்டியைப் பார்த்துவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போய்க் கவிதை படிக்கிறேன்.

பதவி உயர்வுத் தேர்வை இரண்டு முறை எழுதாமல் விட்டவன் நான். மாற்றல் வந்தால் வாசிப்பு போய்விடும் என்பது காரணம். வேலை மட்டும் இல்லையென்றால் எவ்வளவோ எழுதலாம் என்று நம் வட்டத்தில் எல்லோரும் சொல்கிறோம். லாம்புக்கு அந்த விடுதலை கிடைத்தது, வருஷத்துக்கு 441 பவுன் ஓய்வூதியத்தோடு. ஆனால் எலியா கட்டுரைகளில் மிகச் சிறந்தவை 1820க்கும் 1825க்கும் இடையில், அலுவலகத்தில் இருந்தபோதே எழுதப்பட்டவை. ஓய்வுக்குப் பின் பகல் பொழுது அவருக்குப் பாரமாயிற்று. 1826இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ப் பழைய நாடகங்களைப் படித்துப் பிரதியெடுக்கத் தொடங்கினார். நேரம் காலை பத்திலிருந்து மாலை நான்குவரை. பழைய ஆபீஸ் நேரமேதான் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

இதைப் படித்த பிறகு ‘நேரமில்லை’ என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மேரி 1847இல் இறந்தாள். அடுத்த வருஷம் லாம்பின் புத்தகங்களில் சுமார் 60 நியூயார்க்கில் விற்பனைக்குப் போயின. பெரும்பாலான மற்றவை அழிந்தன. அவர் கணக்கெழுதிய கட்டிடம் 1861இல் இடிக்கப்பட்டது. கோல்ரிட்ஜ் இரவல் வாங்கிக் கிறுக்கிய தொகுதி மிஞ்சியிருக்கிறது.