தமிழ் ஐயர் பிறந்த கதை

1733 டிசம்பர் 28 அன்று, தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் கடலூர்க்காரர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். பிறந்தபோது வைத்த பெயர் ஆறுமுகம். ஞானஸ்நானப் பெயர் ஆரோன். இந்தியாவின் புரொட்டஸ்டண்ட் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவர். மிஷனெரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் கரையிறங்கி 27 ஆண்டு ஆகியிருந்தது. ஞானஸ்நானம், நற்கருணை இரண்டும் அதுவரை ஐரோப்பியர் கையிலேயே இருந்தன.

அந்தக் குருப்பட்டத்துக்கு வழிவகுத்தது ஒரு புத்தகம்.

1708-இல் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711-இல் முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றை வைத்து அச்சிட்டால் கையிருப்புக் காகிதம் போதாது. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இல் முதலில் வெளிவந்தன. முழுப் புதிய ஏற்பாடு 1715-இல் முடிந்தது. ஆகவே, வேதாகமத்தில் மிஷனைச் சேர்ந்த தமிழர் கைக்கு அச்சில் முதலில் வந்து சேர்ந்தது இயேசுவின் கதை. அவர் எங்கே நடந்தார், யாரோடு சாப்பிட்டார், சீஷர்களிடம் என்ன சொன்னார் என்பதையெல்லாம் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கலாம்.

1717-இல் சீகன்பால்க் கடலூரில் பள்ளி தொடங்கினார். கடலூர் அப்போது ஆங்கிலேயர் வசம். சென்னை கவர்னர் ஜோசப் காலெட் இதற்கு ஆதரவாக இருந்தார். தரங்கம்பாடியிலிருந்து சீர்காழி, கொள்ளிடம், சிதம்பரம், பரங்கிப்பேட்டை வழியாகக் கடலூருக்குக் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். தரங்கம்பாடியின் டேனியர் கோட்டையில் புறப்பட்டு, தஞ்சை மராட்டியர் நிலத்தைக் கடந்து, கொள்ளிடம் தாண்டி, தில்லைக் கோபுரங்களைப் பார்த்தபடியே ஆங்கிலேயர் கோட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். கடலூர் வணிகர் சொக்கநாத பிள்ளையின் மகன் ஆறுமுகம் மிஷனோடு பழகியது இந்தக் காலத்தில்தான். 1718-இல் சீகன்பால்க் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அடுத்த ஆண்டே சீகன்பால்க் இறந்துவிட்டார். ஆரோன் உபதேசியாராகத் தொடர்ந்தார்.

உபதேசியார் வேலை என்பது நடையும் வாசிப்பும்தான். ஊர் ஊராகப் போக வேண்டும்; சுவிசேஷத்தைப் படித்துக் காட்ட வேண்டும்; கேட்பவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்; ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்த வேண்டும். ஆனால் அந்த ஞானஸ்நானத்தைக் கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. தஞ்சை அரசரின் எல்லைக்குள் ஐரோப்பிய மிஷனெரிகள் தாராளமாக நடமாட முடியாது. சபையோ அந்த எல்லைக்குள் இருந்த கிராமங்களில்தான் வளர்ந்தது. போக முடிந்தவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவருக்குப் போக வழியில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க, தமிழர் ஒருவருக்கே குருப்பட்டம் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆரோன் மாயவரம் பக்கத்துக் கிராமங்களுக்குக் குருவானார், சபை வழக்கில் ஐயரானார். 1745-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

கதையை இங்கே முடித்தால் எல்லாம் சுபம். ஆனால் அந்தக் காலத்தில் குருப்பட்டத்துக்கு இன்னொரு பெயரும் பேசப்பட்டது: இராசநாயக்கன். தஞ்சைப் படையில் சேவகர், பிறப்பால் கத்தோலிக்கர், பறையர் குலத்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் 1720-களில் அவர் கைக்கு வந்தது. எந்தப் பள்ளியும் அவரைத் தேடிப் போகவில்லை. தானே படித்தார், படித்ததைப் பற்றிக்கொண்டு தரங்கம்பாடியைத் தேடி வந்தார். பிறகு படைவேலையை விட்டு உபதேசியாரானார். அவரால் சபைக்கு வந்தவர்கள் பலர். உழைப்பிலும் வேத அறிவிலும் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பறையர் ஒருவர் கையிலிருந்து நற்கருணை வாங்க மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் ஒப்பமாட்டார்கள் என்று மிஷனெரிகள் தயங்கினார்கள். குருப்பட்டம் வேளாளரான ஆரோனுக்குப் போனது. 1741-இல் தியோகு என்பவருக்குப் போனது. இராசநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

சுவிசேஷத்தில் இயேசு மீன்பிடிக்கிறவரையும் வரி வசூலிப்பவரையும் ஒரே குரலில் கூப்பிடுகிறார். அந்தப் பக்கத்தை ஆரோனும் படித்தார், இராசநாயக்கனும் படித்தார். புத்தகம் இருவரையும் சீஷராக்கியது. சபை ஒருவரைத்தான் ஐயராக்கியது. தமிழ் ஐயர் பதவி பிறக்கும்போதே இந்தக் குறையோடுதான் பிறந்தது.

அந்தக் குறை ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துக் கடலூர்ச் சீமையிலேயே திரும்பவும் வெடித்தது. தரங்கம்பாடிப் பணியை ஏற்று நடத்திய லைப்சிக் மிஷன், சபைக்குள் சாதி வழக்கத்தைப் பொறுத்துப்போனது. இதை ஏற்காத கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனெரி பிரிந்து வந்து, கடலூருக்கு மேற்கே மேல்பட்டாம்பாக்கத்தில் வேலை தொடங்கினார். 1860-களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரோடு சேர்ந்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வழியில் வந்ததுதான். முதல் தமிழ் ஐயரைத் தந்த ஊர், இராசநாயக்கனைத் தடுத்த சாதி வழக்கத்தைக் கேள்வி கேட்டுப் பிரிந்த சபைக்கும் தலைமையிடம் ஆனது.