உழுதுகொண்டு எண்ணிய சிறுவன்



ஓட்டிசம் என்று இன்று நாம் வழங்கும் நிலையை மருத்துவ உலகம் அறியச் செய்தவர்களுள் ஒருவர் லியோ கனர். அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் மருத்துவராக விளங்கிய அவர், 1943 ஆம் ஆண்டிலே 11 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். அவர்களுள் முதல்வன் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர்ச் சிறுவனான டொனல்ட் திரிப்லெற் என்பான்.

நான்கு வயது நிரம்பு முன்னரே, 1937 இல், மருத்துவரின் சொற்கேட்டுப் பெற்றோர் அவனை ஒரு விடுதியிலே விட்டனர். அங்கே அவன் மேலும் ஒடுங்கினான். மறு ஆண்டே அவனை மீட்டுக்கொண்டனர். பின்னர், 1942 இல், ஊருக்கு அண்மையில் வாழ்ந்த உழவர் தம்பதியரிடம் அவனை ஒப்படைத்தனர்.

கனர் 1945 இல் அப்பண்ணைக்குச் சென்றார். அத்தம்பதியரின் மதிநுட்பத்தைக் கண்டு வியந்தார். சிறுவனுக்கு எதையும் அளந்துகொண்டிருப்பதிலே தீராத நாட்டம். உழவர் அவனைக் கிணறு தோண்டச் செய்து, அதன் ஆழத்தை வந்து சொல்லும்படி பணித்தார். சோள நிரைகளை ஓயாது எண்ணினான். உழுதுகொண்டே எண்ணுமாறு கலப்பையைக் கையிற் கொடுத்தார். குதிரையைத் திருப்பி அவன் நேர்த்தியாக உழுததைக் கனர் நேரிற் கண்டார். கிராமப் பள்ளியும் அவன் போக்கை ஏற்றுக்கொண்டது, கல்வி வளர்ந்தது.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. தனக்குள்ளே எண்ணுபவன் தனித்திருக்கிறான்; எண்ணியதை இன்னொருவருக்குச் சொல்பவனோ உறவொன்றைத் தொடங்கிவிடுகிறான். அவனுடைய அளவைக் கேட்க ஒருவர் காத்திருந்தார் என்பதே அப்பண்ணையின் சிறப்பு.

டொனல்ட் 1958 இல் பட்டம் பெற்றார், வங்கியிலே பணியாற்றினார், உலக நாடுகள் பலவற்றைக் கண்டார், 2023 இல், தமது 89 ஆவது வயதிற் காலமானார். குடும்பத்தின் செல்வம் அவருக்குத் துணைநின்றது என்பதையும் மறுத்தற்கில்லை. ஆயினும், அந்தப் 11 பேரின் பிற்கால வாழ்வை 1971 இல் ஆராய்ந்த கனர், அரசு மனநல மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டோர் முன்பிருந்த திறமைகளையும் இழந்து மங்கியதைக் கண்டார்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! எண்ணுவதை நிறுத்து என்று ஒரு பிள்ளையிடம் சொல்லு முன்னர், எதனை எண்ணித் தரும்படி அப்பிள்ளையைக் கேட்கலாம் என்று நாம் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.