40 பாயிண்ட், கையில் கப் இல்லை: பெங்களூரு ஃபுட்பால் கணக்கு (த்ரெட்)

இன்னைக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்ல மக்களே. ஞாயித்துக்கிழமை, ஓ.பி. லீவு. ஃபுட்பால் பேசலாம். கொஞ்சம் நீளமான த்ரெட், டீ எடுத்துட்டு வாங்க.

ஓசூர்ல இருந்துக்கிட்டு ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அத்திப்பள்ளி தாண்டினா சுமார் 40 கிலோமீட்டர்ல பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். சென்னை நேரு ஸ்டேடியம் போகணும்னா 300 கிலோமீட்டருக்கு மேல. பக்கத்து வீட்டு டீம் பெங்களூரு எஃப்.சி., சொந்த வீட்டு டீம் சென்னையின் எஃப்.சி. ஒரே குடும்பத்துல அண்ணன் நீல ஜெர்சி, தம்பியும் நீல ஜெர்சி, ஆனா வேற வேற டீம். ரெண்டுமே நீலம்கிறதால துணி துவைக்கிற அம்மாவுக்கு மட்டும்தான் நிம்மதி.

இந்தச் சண்டையில அடிக்கடி வர்ற வார்த்தை 'ரெக்கார்டு'. "எங்க ரெக்கார்டைப் பாரு"ன்னு ஒருத்தர், "கப்பைக் காட்டு"ன்னு இன்னொருத்தர். எங்க தொழில்ல ஒரு லேப் ரிப்போர்ட் வந்தா நம்பரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பார்ப்போம். எந்தத் தேதியில எடுத்த ரத்தம்? யாரோட ரத்தம்? இது ரெண்டும் தெரியாம நம்பரைப் படிச்சு மருந்து எழுதக் கூடாது. ஃபுட்பால் ரெக்கார்டையும் அப்படியே படிச்சுப் பார்ப்போம்.

முதல்ல கிளப்போட கணக்கு. 2013ல ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் தொடங்கின கிளப் பெங்களூரு எஃப்.சி. கோச் ஆஷ்லி வெஸ்ட்வுட், இங்கிலாந்துக்காரர், மான்செஸ்டர் யுனைடெட் இளைஞர் அணியில வளர்ந்தவர். கேப்டன் சுனில் சேத்ரி. ஐ-லீக்ல முதல் சீசன். 24 மேட்ச், 47 பாயிண்ட், சாம்பியன். கோவா ஃபட்டோர்டாவுல டெம்போவை 4-2ன்னு அடிச்சு பட்டத்தை உறுதி பண்ணினாங்க. அது 2014 ஏப்ரல்.

பிறந்த வருஷமே நாட்டோட சாம்பியன். இதைச் சொல்லும்போது இங்கிலாந்துல இப்ஸ்விச் டவுன் ஞாபகம் வரும். 1961-62ல, தங்களோட முதல் டாப் டிவிஷன் சீசன்லயே லீக் ஜெயிச்ச டீம் அது. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. இப்ஸ்விச் கீழ் டிவிஷன்ல இருந்து படிப்படியா ஏறி வந்தது. பெங்களூரு ஏலம் மாதிரி ஒரு விண்ணப்ப முறையில நேரா மேல் மாடிக்கே வந்த கிளப். சாதனை சாதனைதான், மாடிப்படி மட்டும் வேற.

அடுத்த சீசன், 2015 மே 31. கண்டீரவாவுல கடைசி மேட்ச், எதிரணி மோகன் பகான். பெங்களூரு ஜெயிச்சா பட்டம், டிராவானா பகானுக்கு. ஜான் ஜான்சன் கோல் போட்டு 1-0. ஆட்டம் முடிய மூணு நிமிஷம் இருக்கும்போது பெல்லோ ரசாக் தலையால முட்டி 1-1 ஆக்கினார். பகான் 39, பெங்களூரு 37. அந்த ஒரு கோல் விழலைன்னா 39-38ன்னு மாறியிருக்கும். 2015-16ல மறுபடி பெங்களூருதான் சாம்பியன். அதாவது தொடர்ந்து மூணு பட்டத்துக்கும் அவங்களுக்கும் நடுவுல நின்னது மூணு நிமிஷம்.

2016 ஏ.எஃப்.சி. கப். செமி ஃபைனல்ல மலேசியாவோட ஜோஹோர் டாருல் தசிம், அப்போ நடப்பு சாம்பியன். அங்க 1-1, இங்க 3-1. ஏ.எஃப்.சி. கப் ஃபைனலுக்குப் போன முதல் இந்திய கிளப்ங்கிற ரெக்கார்டு அன்னைக்கு எழுதினது. தோஹாவுல நடந்த ஃபைனல்ல ஈராக்கோட ஏர் ஃபோர்ஸ் கிளப்கிட்ட 0-1. ரெகுலர் கோல்கீப்பர் அம்ரிந்தர் சிங் தடை காரணமா ஆட முடியல. ரெக்கார்டு பக்கத்துல 'ரன்னர் அப்'னு ரெண்டு வார்த்தைதான் இருக்கும். இந்தத் தகவல் எல்லாம் அடிக்குறிப்புல கூட வராது.

இப்போ தலைப்புல சொன்ன 40 பாயிண்ட்.

2017-18ல பெங்களூரு ஐ.எஸ்.எல்.லுக்கு மாறிச்சு. 18 மேட்ச், 13 வெற்றி, 1 டிரா, 4 தோல்வி. 40 பாயிண்ட். ரெண்டாவது இடம் சென்னையின், 32 பாயிண்ட். எட்டு பாயிண்ட் வித்தியாசம். இங்கிலாந்து முறைப்படி இதோட கதை முடிஞ்சது, கோப்பையைக் கொடுத்து அனுப்பிடுவாங்க. ஐ.எஸ்.எல்.ல அப்போ லீக்ல முதலிடம் வந்தவங்களுக்கு ஒரு கேடயம் கூடக் கிடையாது. அது 2019-20லதான் வந்தது. பிளே ஆஃப், அப்புறம் ஃபைனல். ஃபைனல்ல ஜெயிச்சவர்தான் சாம்பியன்.

2018 மார்ச் 17, அதே கண்டீரவா. 9ஆவது நிமிஷம் சேத்ரி கோல். கிரவுண்டே ஆடிப்போச்சு. அப்புறம் சென்னையோட பிரேசில் டிஃபெண்டர் மெய்ல்சன் ஆல்வெஸ் 17லயும் 45லயும் தலையால ரெண்டு. ரெண்டுமே கார்னர்ல இருந்து. 67ல ரஃபேல் அகஸ்டோ. கூடுதல் நேரத்துல மிகு ஒண்ணு போட்டார், பத்தல. 3-2. கப் கிருஷ்ணகிரி வழியா கிழக்கே போயிடுச்சு. (விமானத்துலதான் போயிருக்கும், தெரியும். நம்ம ஹைவே மேல போனதா நினைச்சுக்கிறதுல என்ன தப்பு?)

இதுல யாரு பெரிய டீம்? 18 மேட்ச் சராசரியை எடுத்தா பெங்களூரு. ஒரு ராத்திரியை எடுத்தா சென்னை. மூணு மாசத்து சுகர் சராசரி நல்லா இருக்கு, இன்னைக்கு காலையில எடுத்தது கூடிப்போச்சு, அந்த மாதிரி. ரெண்டும் உண்மையான நம்பர், கேள்விதான் வேற. இந்த வாதத்துல நான் 18 மேட்ச் பக்கம்தான். சென்னை நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க.

ஏன்னா அடுத்த வருஷத்தைப் பாருங்க. 2018-19ல நடப்பு சாம்பியன் சென்னையின் கடைசி இடம். 18 மேட்ச்ல 9 பாயிண்ட். ஆனா அந்த 9ல 3 பாயிண்ட் பெங்களூருவை அடிச்சு எடுத்தது! அந்த சீசன் ஃபைனல் 2019 மார்ச் 17, சரியா ஒரு வருஷம் கழிச்சு. மும்பையில கோவாவுக்கு எதிரா 117ஆவது நிமிஷத்துல ராகுல் பேகே கோல், பெங்களூரு 1-0. இந்த முறை லீக்லயும் முதலிடம், கப்பும் கையில.

சரி, அப்போ 2018-19ல இந்தியாவோட சாம்பியன் யாரு? இங்கதான் 'எந்த ரத்தம்'ங்கிற கேள்வி வருது. அப்போ ரெண்டு லீக் ஒரே நேரத்துல ஓடுச்சு. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று வாய்ப்பு ஐ-லீக் ஜெயிச்சவங்களுக்கு, ஐ.எஸ்.எல். ஜெயிச்சவங்களுக்கு ஏ.எஃப்.சி. கப். அந்த வருஷம் ஐ-லீக் ஜெயிச்சது சென்னை சிட்டி எஃப்.சி. பேருதான் சென்னை, ஆடினது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல. 43 பாயிண்ட், ஈஸ்ட் பெங்கால் 42. கடைசி நாள் மினர்வா பஞ்சாபை 3-1 அடிச்சு ஒரே ஒரு பாயிண்ட்ல தப்பிச்சாங்க. பெட்ரோ மான்சி 21 கோல். இன்னைக்கு எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருக்கு? 2020-21 சீசனுக்குப் பிறகு அந்தக் கிளப் ஐ-லீக்லயே இல்லை. கிளப் போனதும் ரெக்கார்டைப் பேச ஆளும் போயிட்டாங்க. இதைத்தான் இந்த த்ரெட்ல முக்கியமா சொல்ல வந்தேன்.

ஏன்னா பெங்களூரு ஃபுட்பால் 2013ல பிறக்கல. இந்த நோய் இந்தியாவுக்கு மட்டும் இல்ல. பிரீமியர் லீக்ல அதிக கோல் ஆலன் ஷியரர், 260ன்னு எல்லா இடத்துலயும் போடுவாங்க. அந்தக் கணக்கு 1992ல தொடங்குது. அதுக்கு முன்னாடி சவுத்தாம்ப்டனுக்கு ஷியரரே போட்ட 23 லீக் கோல் அதுல இல்ல. ஜிம்மி கிரீவ்ஸ் இங்கிலாந்து டாப் டிவிஷன்ல போட்டது 357. இங்கிலீஷ் லீக் தொடங்கினது 1888. ஆனா டிவியில காட்டுற பட்டியல்ல கிரீவ்ஸ் கிடையாது. எண்ண ஆரம்பிச்ச தேதியை மாத்தினா மனுஷனே காணாமப் போயிடறார்.

அந்த மாதிரி 2013க்கு முன்னாடி போய்ப் பார்ப்போம்.

பம்பாயில 1891ல இருந்து ரோவர்ஸ் கப்னு ஒண்ணு. ஆரம்பத்துல இருந்து பிரிட்டிஷ் ராணுவ அணிகளோட ராஜ்யம். 1937ல அதை ஜெயிச்ச முதல் இந்திய சிவிலியன் அணி பெங்களூரு முஸ்லிம்ஸ். கல்கத்தா இல்ல, பம்பாய் இல்ல, பெங்களூரு. 1938ல மறுபடியும் ஜெயிச்சாங்க.

அடுத்து 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திர இந்தியாவோட முதல் சர்வதேச மேட்ச், ஜூலை 31, எதிரணி பிரான்ஸ். நம்ம ஆளுங்க பெரும்பாலும் வெறுங்கால். ரெண்டு பெனால்டி வீணாச்சு. 1-2 தோல்வி. அந்த ஒரு கோல், சுதந்திர இந்தியாவோட முதல் கோல், போட்டவர் சாரங்கபாணி ராமன். பெங்களூருக்காரர். அதே அணியில அகமது கான், தன்ராஜ், ரெண்டு பேரும் பெங்களூரு. பின்னாடி இவங்க ரெண்டு பேரும் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால்ல 'பஞ்ச பாண்டவர்'னு பேர் வாங்கின ஐந்து ஃபார்வர்டுகள்ல இருந்தாங்க. அந்த ஒலிம்பிக் அணிக்கு கேப்டன் யார் தெரியுமா? எங்க ஜாதி! டாக்டர் தாலிமெரென் ஆவோ. நாகாலாந்துக்காரர். கல்கத்தா கார்மைக்கேல் மெடிக்கல் காலேஜ்ல படிச்சுக்கிட்டே மோகன் பகான்ல ஆடினவர். ஃபுட்பாலை விட்டதும் ஊருக்குத் திரும்பி டாக்டரா வேலை பார்த்தார். ஃபைனல் இயர்ல கிரிக்கெட் பார்த்தே ஃபெயிலான என் பேட்ச்மேட்ஸ் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

சந்தோஷ் டிராபி, மாநிலங்களுக்கு இடையே. மைசூர் அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69னு நாலு முறை சாம்பியன். அப்புறம் 54 வருஷம் ஒண்ணுமில்ல. 2023 மார்ச் 4, சவூதி ரியாத்ல மேகாலயாவை 3-2 அடிச்சு கர்நாடகா ஜெயிச்சது. இது ஐந்தாவது பட்டமா, முதல் பட்டமா? மாநிலத்தோட பேர் 1973லதான் கர்நாடகான்னு மாறிச்சு. ஐந்தாவதுன்னுதான் கணக்கு, சரியான கணக்கும் அதுதான். ஓசூர்க்காரங்களுக்கு இது புரியறது சுலபம். 1960ல இங்க பிறந்தவருக்குப் பிறந்த மாவட்டம் சேலம், பள்ளிக்கூட சர்டிஃபிகேட்ல தருமபுரி, ஆதார்ல கிருஷ்ணகிரி. வீடு மாறவே இல்ல, ஆளும் ஒரே ஆள்தான்.

அந்த ரியாத் ஃபைனலுக்கு முதல் நாள் ராத்திரி கண்டீரவாவுல என்ன நடந்ததுன்னு பார்த்தா சிரிப்பு வரும். பிளே ஆஃப், கேரளா பிளாஸ்டர்ஸ். எக்ஸ்ட்ரா டைம் 96ஆவது நிமிஷம், எதிரணி தடுப்பு வரிசையில நிக்கிறதுக்குள்ள சேத்ரி ஃப்ரீ கிக்கை அடிச்சு கோல் ஆக்கிட்டார். ரெஃப்ரி கோல் கொடுத்ததும் கேரளா மொத்த டீமும் வெளியேறிடுச்சு. திரும்பி வரவே இல்ல. அவங்களுக்கு 4 கோடி அபராதம், கோச்சுக்கு 10 மேட்ச் தடை. ரெக்கார்டுல? 1-0. அவ்ளோதான். நாடே அந்த 1-0வைப் பத்திச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்போ 54 வருஷ காத்திருப்பு ரியாத்ல முடிஞ்சது, பேப்பர்ல ஓரத்துல வந்தது.

இப்போ நம்ம ஏரியாவுக்கு நேரடியா சம்பந்தப்பட்டது. கார்ப்பரேட் கிளப் வர்றதுக்கு முன்னாடி பெங்களூரு ஃபுட்பாலைத் தூக்கிப் பிடிச்சது ஃபேக்டரிகள். ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். இதெல்லாம் வேலை கொடுத்து ஆட வச்ச டீம்கள். எச்.ஏ.எல். 2010-11, 2011-12ன்னு ரெண்டு சீசன் ஐ-லீக்லயே ஆடிச்சு, கடைசி இடம் வந்து இறங்கிப் போச்சு. அடுத்த வருஷமே புது கிளப் வந்தது. ஒரு கதை முடிஞ்ச இடத்துல இன்னொரு கதை தொடங்கின மாதிரி. ஆனா புதுக் கதையோட ரெக்கார்டு ஒவ்வொரு பாஸும் எண்ணி கம்ப்யூட்டர்ல இருக்கு. ஃபேக்டரி டீம்களோட மேட்ச்ல யார் கோல் போட்டார்ங்கிறதே பல இடத்துல பழைய பேப்பர் கட்டிங்ல மட்டும்தான் இருக்கு.

இளைய தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இல்ல. 2022 டுராண்ட் கப் ஃபைனல்ல மும்பை சிட்டியை பெங்களூரு 2-1 அடிச்சப்போ முதல் கோல் போட்டவர் சிவசக்தி நாராயணன், நம்ம சிவகங்கை மாவட்டத்துப் பையன். அந்த கோல் வீடியோவா, நிமிஷத்தோட, எந்தக் காலால அடிச்சார்ங்கிறது வரைக்கும் எப்பவும் இருக்கும்.

அதனால ஒரு வேண்டுகோள். பெங்களூரு ஃபேக்டரிகள்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க ஓசூர், பாகலூர், சூளகிரி பக்கம் வீடு கட்டி இருப்பாங்க. அவங்கள்ல கம்பெனி டீம்ல ஆடினவங்க இருக்கலாம். உங்க தாத்தாவோ பெரியப்பாவோ அப்படின்னா, பீரோவுல குரூப் ஃபோட்டோ இருக்கான்னு கேளுங்க. இருந்தா பின்பக்கம் பென்சில்ல நிக்கிறவங்க பேர், வருஷம், எதிரணி, ஸ்கோர் எழுத வைங்க. ஃபோட்டோவோட ரெண்டு பக்கத்தையும் மொபைல்ல படம் எடுத்து வைங்க. முடிஞ்சா கமெண்ட்ல போடுங்க, ஞாயித்துக்கிழமைகள்ல உக்காந்து நான் ஒரு பட்டியலா போட்டுத் தர்றேன்.