தேவமோகினியும் ஒரே பாத்திரமும்

திருப்பூர் நல்லூரில் அண்மையில் ஒரு தேவாலயத் திருமணத்துக்குச் சென்றிருந்தோம். மணமக்கள் இருவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள்; வெவ்வேறு மாவட்டத்தினர். போதகர் எபேசியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தார். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஈந்த அன்பைக் கணவனின் அன்புக்கு அளவுகோலாக வைக்கும் பகுதி அது. அருகில் அமர்ந்திருந்த நண்பர், "சபை என்பது ஒரு கூட்டமாயிற்றே, அது எப்படி மணமகளாகும்?" என்று மெல்லக் கேட்டார். தமிழ் பயின்ற எவருக்கும் எழக்கூடிய கேள்விதான் அது.

இறைவனைத் தலைவனாகவும் உயிரைத் தலைவியாகவும் கண்டு பாடுவது நமக்குப் பழகிய மரபு. ஆண்டாள் அரங்கனை மணக்க விழைந்தாள். நம்மாழ்வார் பராங்குச நாயகியாய் நின்று ஏங்கினார். திருக்கோவையாரோ அகத்துறைகளையே சிவனைப் பாடும் வழியாக்கியது. ஆயினும் இம்மரபில் ஏங்குவது தனியுயிர். ஓர் இனம் முழுவதையும் மனைவியாகக் காணும் பார்வை எபிரேயத் தீர்க்கதரிசிகளுடையது. இஸ்ரவேலின் துரோகத்தையும் இறைவனின் மாறாத அன்பையும் ஓசியா தம் இல்லற வாழ்வைக் கொண்டே உணர்த்தினார். பவுல் அவ்வுருவகத்தைச் சபைக்கு உரியதாக்கினார்.

இவ்விரு மரபுகளும் தஞ்சையில் ஒரு கவிஞரிடம் சந்தித்தன. அவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்சு ஐயரால் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு அவரிடம் கல்வி கற்றவர். பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜியும் அதே ஐயரின் அரவணைப்பில் வளர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. சுவிசேடக் கவிராயர் எனப் போற்றப்பட்ட சாஸ்திரியாரின் நூல்களுள் பெயர்பெற்றது பெத்லகேம் குறவஞ்சி.

திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை அறிந்தவர்களுக்கு அதன் அமைப்பு புதிதன்று. தலைவன் உலா வருகிறான். தலைவி கண்டு காதல் கொள்கிறாள். குறத்தி வந்து குறி சொல்கிறாள். சாஸ்திரியார் இந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனால் குற்றாலநாதர் இருந்த இடத்தில் பெத்லகேம் நாதர் நின்றார். வசந்தவல்லி இருந்த இடத்தில் சீயோன் மகளான தேவமோகினி நின்றாள். குறத்தியாகிய ஞானச்சிங்கி விசுவாசத்தின் உருவமானாள். தேவமோகினி என்பவள் தனியுயிர் அல்லள். திருச்சபை முழுவதுமே அவள். நண்பரின் கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் விடை இதுவே எனலாம்: ஒரு கூட்டம் தன்னை ஒருத்தியாக உணரும்போதுதான் அது மணமகளாகிறது.

அந்த 'ஒருத்தி' என்னும் சொல்லே பின்னர் கவிஞரைச் சோதித்தது. சுவார்ட்சு 1798இல் மறைந்தபின் வந்த புதிய தலைமுறை மிஷனரிகளோடு சாஸ்திரியார் பிணங்கினார். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுவதையும், வழிபாட்டிலிருந்து தமிழ்ப் பாடல்களை விலக்குவதையும், திருமணம் முதலியவற்றில் மலர் சூடும் வழக்கைக் கண்டிப்பதையும் அவர் எதிர்த்தார். இவை மூன்றிலும் நம் பரிவு அவர் பக்கமே செல்கிறது. இன்று தேவாலயங்களில் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. மணமேடையில் மாலைகள் மணக்கின்றன.

நான்காவது முறையீடுதான் நம்மை வருத்துகிறது. சபையில் சாதி வேறுபாடின்றி அமரவும், திருவிருந்தில் ஒரே பாத்திரத்திலிருந்து பருகவும் வற்புறுத்துவதை அவர் ஏற்கவில்லை. 1829இல் 'சாதி திருத்தலின் பயித்தியம்' என்று தலைப்பிட்டே எழுதினார். சாதி உலக வழக்கே அன்றிச் சமயத்தைச் சார்ந்ததன்று என்பதும், வற்புறுத்தல் கொடுமை என்பதும் அவர் தரப்பு. அயலார் நம் வழக்கங்கள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி எறிய முற்பட்டபோது, மலரையும் சாதியையும் அவரும் ஒரே மூட்டையாகவே காத்தார் என்று தோன்றுகிறது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே கைவிடுமாறு ஆணையிட்டபோது, தஞ்சையில் பலர் சபையைவிட்டே விலகினர்.

தேவமோகினியை ஒருத்தியாகப் பாடிய கவிஞர், அவளுடைய உறுப்புகள் ஒரே பாத்திரத்தில் பருகுவதை ஏற்க இயலாமற்போனது முரண்தான். அதற்காக அவர் கவிதையைத் தள்ளிவிடுதல் தகாது. கவிஞன் கண்ட உருவகம் சில வேளை கவிஞனைவிடப் பெரிதாகிவிடுகிறது. அவரை இன்று நாம் குறைகூற முடிவதே, அவர் நமக்குத் தந்த அந்த மணமகளின் அளவைக் கொண்டுதான். தமிழகத்தில் சாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்கள் இன்றும் உள்ள நிலையில், பழியை அவர் ஒருவர்மீது சுமத்திவிட்டு நாம் நகர்ந்துவிடவும் இயலாது.

நல்லூர்த் திருமணத்தில் ஆராதனை முடிந்து பந்தி நடந்தது. இரு வீட்டாரும் யார் எவர் என்று பாராமல் கலந்து அமர்ந்தனர். நாமும் நண்பரும் அவர்களுக்கிடையே கிடைத்த இடத்தில் அமர்ந்தோம். பரிமாற வந்தவர், "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார். நாம் விடை தேடுவதற்குள் நண்பர், "ஒரே வீடுதாங்க" என்றார்.