வெடியுப்பில் விளைந்த குளிர்

பழவேற்காட்டுக்குச் செல்வோர் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைக் கண்டு வியந்து திரும்புவது வழக்கம். 1613-ஆம் ஆண்டில் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பிய அவர்கள், வெடிமருந்துச் சாலை ஒன்றையும் நடத்தினர் என்பதை அறிந்தோர் சிலரே. 17-ஆம் நூற்றாண்டில் கீழைக் கடல்களிலிருந்த டச்சுக் கோட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் பழவேற்காட்டு மருந்து சென்றது. மரைக்காயர்களின் துணிப்பொதிகள் ஏறிய துறையிலேயே அந்த மருந்தும் ஏறிற்று.

வெடிமருந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு. எஞ்சியது கரியும் கந்தகமும். பழவேற்காட்டில் நெருப்புக்காகக் குவிக்கப்பட்ட அந்த உப்பு, அதற்கு முன்பே மொகலாய அரண்மனையில் குளிருக்காகப் பயன்பட்டு வந்தது.

அபுல் ஃபஸ்ல் தமது 'ஆயினே அக்பரி'யில் இதன் செய்முறையை எழுதி வைத்துள்ளார். ஒரு சேர் குடிநீரை ஈயத்தாலோ வெள்ளியாலோ ஆன கூஜாவில் ஊற்றி வாயை மூடவேண்டும். வேறொரு பாத்திரத்தில் ஐந்து சேர் தண்ணீரும் இரண்டரை சேர் வெடியுப்பும் இட்டு, அதனுள் கூஜாவைக் கால் மணி நேரம் சுழற்ற வேண்டும். ஒரு ரூபாய்க்கு முக்கால் மணங்கு முதல் நான்கு மணங்கு வரை வெடியுப்பு கிடைத்தது என்று விலையையும் அவர் விடவில்லை. அக்பர் பஞ்சாபுக்குச் சென்றபின் மலைப்பனி வந்து சேர்ந்தது. ஆயினும் உப்புமுறை ஒழிந்துவிடவில்லை. 1660-களில் டெல்லியில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியரும் அதைக் கண்டு எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் கணக்கு மூன்று நான்கு கைப்பிடி உப்பு, ஏழெட்டு நிமிடம்.

அபுல் ஃபஸ்லின் அளவைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். தண்ணீரில் பாதி எடை உப்பு என்பது, கோடைக்காலத்து நீர் கரைத்துக்கொள்ளக்கூடிய எல்லையை ஒட்டி நிற்கிறது. நீர் குளிரக் குளிர அதன் கரைக்கும் ஆற்றல் குறைவதால் சிறிது உப்பு அடியில் தங்கிவிடும். அதனால் தீங்கில்லை, பத்துப் பாகைக்கு மேலேயே குளிர்ச்சி கிட்டும். பலமுறை செய்து பார்த்த கைகள் வகுத்த அளவு இது என்பதில் ஐயமில்லை.

குளிர் எங்கிருந்து வருகிறது? உப்பின் படிகக் கட்டை அவிழ்க்க வெப்பம் செலவாகிறது. அவிழ்ந்த துகள்களை நீர் பற்றிக்கொள்ளும்போது வெப்பம் வரவாகிறது. வெடியுப்பில் செலவு மிகுதி, வரவு குறைவு. குறையும் வெப்பத்தைச் சூழ்ந்துள்ள நீரே ஈடுகட்ட நேர்கிறது. கறியுப்பில் இரண்டும் ஏறக்குறையச் சமம். நூறு கிராம் தண்ணீரில் பத்துக் கிராம் வெடியுப்பைக் கரைத்தால் ஏழெட்டுப் பாகை குளிரும்; அதே அளவு கறியுப்பு ஏறக்குறைய ஒன்றரைப் பாகையே குளிர்விக்கும். ஏரிக்கரைக் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக மீனுக்கு உப்பிட்ட விரல்களுக்கு இந்தக் குளிர் புலப்படாமற் போனதில் வியப்பில்லை.

நம்மவர் அனைத்தையும் முன்பே கண்டுவிட்டனர் என்று மார்தட்டுவோர் உண்டு. அதை ஏற்பதற்கில்லை. ஆப்தார்கள் உப்பை நிறுத்தார்கள், நீரை நிறுத்தார்கள், நேரத்தையும் குறித்தார்கள். குளிரை மட்டும் நாவினால் அறிந்தார்கள். பாதரச வெப்பமானியை ஃபாரன்ஹீட் உருவாக்கியது 1714-இல். வெப்பத்தையே ஓர் அளவாகக் கொண்டு, உருகிய பனிக்கட்டியின் எடையால் அதை நிறுக்கும் கருவியை லவாசியேயும் லாப்லாசும் 1782-83-இல் அமைத்தனர். பழவேற்காடு முடிவாக ஆங்கிலேயர் கைக்கு மாறியது 1825-இல். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, பீட்டர்ஸ்பர்க் நகரில் ஹெஸ் என்பார், ஒரு வேதிமாற்றம் எத்தனை படிகளில் நிகழ்ந்தாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றானால் மொத்த வெப்பமும் ஒன்றே என நிறுவினார். அதன்பின் தாம்சன், பெர்த்தலோ ஆகியோர் உப்பு உப்பாகக் கரைத்து அளந்து பட்டியலிட்டனர். மிகுந்த நீரில் கரையும்போது ஒரு கிராம் கறியுப்பு ஏற்கும் வெப்பம் சுமார் 16 கலோரி. ஒரு கிராம் வெடியுப்பு ஏற்பது சுமார் 82.