புல்லட் விட்ட பெருமூச்சு

புல்லட் ஓட்டுறவங்க மத்தியில ஒரு பழைய ஜோக் உண்டு. "வண்டிக்கு கீழ ஆயில் சொட்டுதேன்னு கவலைப்படாதீங்க. சொட்டுறது நின்னாதான் கவலைப்படணும். உள்ள ஆயில் தீந்துடுச்சுன்னு அர்த்தம்!" இங்கிலாந்து பைக் எல்லாத்தைப் பத்தியும் உலகம் பூரா சொல்ற ஜோக்தான். ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு நல்ல வரலாறு இருக்கு. அதுல ஒரு பகுதி நம்ம திருவொற்றியூர்லயும் எண்ணூர்லயும் நடந்தது. என்ஜின் வரலாறுன்னாலே குதிரைத் திறன், வேகம், மைலேஜ்னுதான் எல்லாரும் எழுதுறாங்க. நான் எழுதப் போறது என்ஜின் விடற மூச்சைப் பத்தி. மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டுறவன் வேற என்னத்த எழுதுவான்? போரடிச்சா பொறுத்துக்குங்க மக்கா. :-)

மொதல்ல கொஞ்சம் பாடம். சிலிண்டருக்குள்ள வெடிப்பு நடக்குது, பிஸ்டன் கீழ போகுது. பிஸ்டனைச் சுத்தி ரிங் இருந்தாலும் அது நூத்துக்கு நூறு அடைப்பு கிடையாது. கொஞ்சம் வாயு இடுக்கு வழியா கீழ நழுவி கிராங்க்கேஸுக்கு வந்துடும். இதுக்குப் பேர் ப்ளோ-பை. பெட்ரோல் என்ஜின்ல இதுல பெரும்பகுதி எரியாத பெட்ரோல் கலவை. மிச்சம் எரிஞ்ச புகை, நீராவி. கீழ சூடான ஆயில் தெறிச்சுக்கிட்டே இருக்கறதால ஆயில் துளியும் பனி மாதிரி இதோட கலந்துக்கும். இதை வெளிய விட்டே ஆகணும். விடலேன்னா அழுத்தம் ஏறி, எந்த ஆயில் சீல் வீக்கா இருக்கோ அதைப் பிச்சுக்கிட்டு ஆயில் வெளிய வரும்.

சரி, வெளிய விடணும். எங்க விடறது? மொத்தக் கதையும் இந்த ஒரு கேள்விதான்.

இங்கிலாந்து ரெட்டிச்சுல பொறந்த ராயல் என்ஃபீல்டு புல்லட், 1950-கள்ல நம்ம ராணுவத்துக்காக இந்தியா வந்தது. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை திருவொற்றியூர். ஆரம்பத்துல பாகங்கள் கப்பல்ல வரும், இங்க பூட்டுவாங்க. 1960-களின் ஆரம்பத்துக்குள்ள பாகங்களையும் இங்கயே செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல மூடியாச்சு, 1970-ஓட இங்கிலாந்துல அந்தக் கம்பெனியே முடிஞ்சுது. அப்பா போய்ச் சேந்த பிறகும் புள்ள திருவொற்றியூர்ல டப் டப்னு ஓடிக்கிட்டே இருந்தான். 1977-ல இங்கேர்ந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சுன்னா பாத்துக்குங்க!

இந்த புல்லட்டுக்கு மூச்சு விடறது மத்த என்ஜினை விட கஷ்டம். ஏன்னா ஒத்த சிலிண்டர். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், மொத்தம் 346 சி.சி. நாலு சிலிண்டர் கார்ல ரெண்டு பிஸ்டன் கீழ போனா ரெண்டு மேல போகும். உள்ள இருக்கற காத்து இடம் மாறிக்கும், அவ்ளோதான். புல்லட்ல அந்த வசதி இல்ல. பிஸ்டன் கீழ வரும்போதெல்லாம் 346 சி.சி. காத்து நசுங்கும், மேல போனா உறிஞ்சும். 3000 ஆர்.பி.எம்-ல நொடிக்கு 50 தடவை. கணக்கு போட்டா நொடிக்கு 17 லிட்டருக்கு மேல. நம்மூர் ப்ளாஸ்டிக் குடத்துல ஒரு குடத்துக்கு மேல, ஒவ்வொரு நொடியும் உள்ளயும் வெளியயும்!

இதுக்குப் போட்ட வைத்தியம்தான் ஒன்-வே வால்வு. இந்திய புல்லட்ல பல வருஷம் இருந்தது வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர். ரெண்டு உதடு. உள்ளேர்ந்து காத்து வந்தா திறக்கும், வெளியேர்ந்து உறிஞ்சினா ஒட்டிக்கும். இதனால கிராங்க்கேஸுக்குள்ள அழுத்தம் சராசரியா வெளிய இருக்கறதை விடக் குறைவா இருக்கும், ஆயிலும் சீலைத் தாண்டாது. அந்தச் சின்ன ரப்பர் வெயில்லயும் சூட்டுலயும் விறைச்சுப் போச்சுன்னா கதை கந்தல். மூச்சு சரியா போகாது, எல்லா இடுக்குலயும் ஆயில் கசியும். ஜாயின்ட்டுக்கு மேல ஜாயின்ட்டா பசை தடவுவாங்க, ஆனா குற்றவாளி அந்த ரப்பரா இருக்கும்.

சரி, வால்வைத் தாண்டி வந்த மூச்சு எங்க போச்சு? பழைய வண்டிகள்ல ஒரு ட்யூப் வழியா நேரா ரோட்டுக்கு. இதை புல்லட்டோட குத்தம்னு சொல்ல முடியாது. அந்தக் காலத்துல அமெரிக்கக் காரும் அப்படித்தான். என்ஜின்லேர்ந்து ஒரு குழாய் கீழ தொங்கும், வண்டி ஓடற வேகத்துல காத்து அதை உறிஞ்சிக்கும். நெடுஞ்சாலை நடுவுல கருப்பா ஒரு எண்ணெய்க் கோடு விழுந்துக்கிட்டே போகும்.

மாறினது லாஸ் ஏஞ்சல்ஸ்ல. ஏரி ஹாகன்-ஸ்மிட்னு ஒரு விஞ்ஞானி 1950-களின் ஆரம்பத்துல, அந்த ஊரோட கண்ணெரியற புகைமூட்டத்துக்கு எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயில்ல சேர்றதுதான் காரணம்னு கண்டுபிடிச்சார். எல்லாரும் சைலன்சரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அளந்து பாத்தா, கார் விடற ஹைட்ரோகார்பன்ல சுமார் ஐந்துல ஒரு பங்கு இந்த கிராங்க்கேஸ் மூச்சு! உடனே தீர்வு கிடைச்சுது, ஏன்னா ரொம்ப சுலபம். அந்த ட்யூபைத் திருப்பி இன்டேக் மேனிஃபோல்டுல செருகு. அங்க எப்பவும் வெற்றிடம், தானா உறிஞ்சி திரும்ப எரிச்சுடும். நடுவுல அளவு பாத்து விட ஒரு குட்டி வால்வு. பி.சி.வி. 1961-லேர்ந்து கலிஃபோர்னியாவுல புது கார்களுக்கு வந்துடுச்சு, 1963-ல அமெரிக்கா முழுக்க.

இங்கதான் ட்விஸ்ட். 1962-லயே டர்போ வெச்ச கார்கள் சந்தைக்கு வந்தாச்சு. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலெட் கார்வேர். டர்போ என்ன பண்ணும்? காத்தை அமுக்கி உள்ள தள்ளும். அப்போ மேனிஃபோல்டுல வெற்றிடம் இருக்காது, வெளி அழுத்தத்தை விட அதிகமா இருக்கும். ட்யூப் உறிஞ்சாது, எதிர்த்து ஊதும்! சிலிண்டர்ல அழுத்தம் கூடறதால ப்ளோ-பையும் கூடும். மூச்சு அதிகம், போற வழி அடைப்பு.

அதுக்கு ரெண்டாவது வழி போட்டாங்க. பூஸ்ட் வந்தா மொத வழியில ஒரு வால்வு மூடிக்கும். வாயு டர்போவுக்கு முன்னாடி இருக்கற குழாய்க்குப் போகும், அங்க கொஞ்சம் உறிஞ்சல் இருக்கும். ஆனா கூடவே போற ஆயில் பனி டர்போவோட கம்ப்ரஸர் சக்கரத்துல ஒட்டும், இன்டர்கூலர்ல தேங்கும், கலவையோட ஆக்டேனைக் குறைச்சு நாக்கிங் கொண்டு வரும். டீசல்ல இன்னும் ஆபத்து. ஆயில் ரொம்ப உள்ள போனா அதையே எரிபொருளா எடுத்துக்கிட்டு, சாவியைத் திருப்பினாலும் நிக்காம என்ஜின் தறிகெட்டு ஓடும்.

இந்தப் பயத்தாலதான் அமெரிக்காவுல கனரக டீசலுக்கு ஒரு விதிவிலக்கு குடுத்தாங்க. டர்போ இருந்தா கிராங்க்கேஸ் மூச்சை வெளியவே விட்டுக்கலாம்னு. கார்ல 1961-ல தொடங்கின வேலை, டர்போ லாரிக்கு வர 2007 மாடல் வருஷம் ஆச்சு!

இப்ப எண்ணூருக்கு வாங்க. 1948-ல அசோக் மோட்டார்ஸா ஆரம்பிச்சு, ஆஸ்டின் கார் பூட்டி, 1955-ல அசோக் லேலண்ட் ஆன கம்பெனி. 1980-கள்ல ஜப்பானோட ஹினோ கிட்டேர்ந்து என்ஜின் நுட்பம் வாங்கினாங்க. அந்த எச் வரிசை என்ஜின்ல டர்போ வெச்சதுதான் அப்புறம் நம்ம லாரி, பஸ் எல்லாத்துலயும் வந்தது. அந்த லாரிகள்ல பலது திரும்ப எண்ணூர் நெடுஞ்சாலையிலயே கன்டெய்னரோட மணிக்கணக்குல துறைமுகத்துக்கு க்யூவுல நிக்கும். நிக்கிற லாரியும் மூச்சு விடும். ட்யூபோட வாய் ரோட்டைப் பாத்து இருந்தா, அந்த மூச்சு யாருக்கு? டிரைவருக்கும், ரோட்டோரம் இட்லிக் கடை வெச்சிருக்கற அக்காவுக்கும்தான்.

நம்ம நாட்டுல 2020 ஏப்ரல்ல பி.எஸ்-6 வந்த பிறகு கனரக டீசல்லயும் தப்பிக்க முடியாது. ஒண்ணு மூடணும், இல்ல அந்த வாயுவையும் சைலன்சர் புகையோட சேத்துக் கணக்கு காட்டணும். இதுக்கு வந்த கருவிகள்ல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. தட்டு அடுக்கி வேகமா சுத்தற ஒரு பிரிப்பான். ஆயில் துளி கனம்கறதால வெளிப்பக்கம் ஒதுங்கி சம்புக்குத் திரும்பிடும், வாயு மட்டும் மேல போகும். இதே தத்துவத்துல 1878-ல சுவீடன்காரர் குஸ்டாஃப் டி லாவால் செஞ்சது என்ன தெரியுமா? பால்லேர்ந்து க்ரீம் பிரிக்கிற மெஷின்! பால்பண்ணை சரக்கு லாரி என்ஜினுக்கு வந்துடுச்சு.

புல்லட்டும் மாறினான். பின்னாடி ட்யூபுக்கு நடுவுல ஒரு சின்ன டப்பா வந்தது. ஆயில் அதுல தங்கும், வாயு ஏர் ஃபில்டருக்குப் போகும். 2008-லேர்ந்து புது யூ.சி.இ. என்ஜின் வர, பழைய வார்ப்பிரும்பு என்ஜின் ஓய்வெடுத்துடுச்சு. வேடிக்கை என்னன்னா, இன்னைக்கு டர்போ கார் பசங்க ஆயிரக்கணக்குல குடுத்து மாட்டற ஆயில் கேட்ச் கேன் இருக்கே, அது அடிப்படையில அந்த புல்லட் டப்பாதான். :-)

மாட்டறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. டப்பாவுல சேர்றது சுத்தமான ஆயில் இல்ல. தண்ணி, பெட்ரோல், அமிலம் எல்லாம் கலந்த சாக்கடை. திரும்ப என்ஜின்ல ஊத்தாதீங்க, தெருச் சாக்கடையிலயும் ஊத்தாதீங்க. பழைய ஆயிலோட சேத்துக் குடுங்க. ரெண்டாவது, டர்போவுலேர்ந்து நீலப் புகை வந்தா உடனே டர்போவை மாத்தாதீங்க. மொதல்ல ப்ரீதர் அடைச்சிருக்கான்னு பாருங்க. டர்போ ஆயில் தானா வழிஞ்சுதான் சம்புக்கு இறங்கணும். கீழ அழுத்தம் இருந்தா இறங்காம டர்போ சீல் வழியா கசியும். நூறு ரூபா ஹோஸுக்கு பல ஆயிரம் அழ வேண்டாம்.

சில பேர் கேட்ச் கேனோட வாயைத் திறந்து விட்டுடறாங்க. "இன்டேக் சுத்தமா இருக்கும் பாஸ்"னு காரணம் சொல்லுவாங்க. இருக்கும்தான். அவங்க இன்டேக் சுத்தம், நம்ம நுரையீரல் அழுக்கு. 1950-ஓட ட்யூபை பளபளன்னு அலுமினியத்துல செஞ்சு மாட்டினா அது முன்னேற்றம் ஆயிடுமா?

இந்த வரலாறை எழுதும்போது எனக்கு நிலக்கரிதான் ஞாபகம் வந்துக்கிட்டே இருந்தது. ராயபுரம் பக்கம் துணி காயப் போட்டா கருப்பாகும்னு சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியா 2011-ல சென்னைத் துறைமுகத்துல நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளக் கூடாதுன்னு உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. ராயபுரம் கொஞ்சம் மூச்சு விட்டுது. நிலக்கரி எங்க போச்சு? எண்ணூருக்கு. ட்யூபைத் திருப்பி விட்டோம், மூடல.

என்ஜினுக்குள்ளயே அடைச்சு எரிக்க முடியாதுன்னு சொன்ன மூச்சை எரிச்சுக் காட்டினாங்க. அதுக்கு அம்பது வருஷம் ஆச்சு, சட்டமும் கழுத்துல கத்தி வெச்சுது. எண்ணூருக்கு அந்தச் சட்டம் எப்பங்க வரும்?

டிஸ்கி: வாத்து மூக்கு ரப்பரை மாத்தி ஆயில் லீக் நின்ன அனுபவம் யாருக்காச்சும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. நின்னது ஆயில் தீந்ததாலயான்னும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க. :-)